இரண்டாம் கர்ப்பத்தில் எடை எவ்வளவு ஏற வேண்டும், எப்படி ஏற்றுவது: முழுமையான வழிகாட்டி

முதல் கர்ப்பத்தில் ஏறிய எடையையே அளவுகோலாக வைத்துக்கொண்டு இரண்டாம் கர்ப்பத்தைத் தொடங்குவதுதான் பெரும்பாலான வீடுகளில் வழக்கமாக இருக்கிறது. “போன தடவை 14 கிலோ ஏறினாள், குழந்தை மூன்று கிலோ இருந்தது, இந்தத் தடவையும் அப்படித்தான் இருக்கும்” என்று அம்மாவும் மாமியாரும் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கைக் கர்ப்பிணியும் நம்பிவிடுகிறார். ஆனால் இப்போது அவர் தொடங்கும் எடை வேறு. முதல் பிரசவத்தோடும் பாலூட்டலோடும் குறைந்துபோன இரும்புச்சத்து முழுமையாகத் திரும்பியிருக்கிறதா என்பதும் தெரியாது. வீட்டின் நடைமுறையும் மாறியிருக்கிறது. முதல் முறை ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு முடிந்து, தாய் வீட்டுக்குப் போய், கேட்டதும் கேட்காததும் தட்டில் வந்து விழுந்தன. இரண்டாவதற்குப் பல குடும்பங்களில் வளைகாப்பே கிடையாது. பிரசவமும் பெரும்பாலும் கணவர் வீட்டோடு முடிந்துவிடுகிறது. முன்பு எல்லோராலும் கவனிக்கப்பட்டவர், இப்போது மூன்று வயதுப் பிள்ளையைக் கவனிப்பவராக இருக்கிறார். ஆகவே இரண்டாம் கர்ப்பத்துக்கென்று தனியாக ஒரு கணக்கும் தனியாக ஓர் ஏற்பாடும் தேவைப்படுகின்றன.

இந்த வழிகாட்டி ஒற்றைக் குழந்தையைச் சுமக்கும், பெரிய உடல்நலக் குறைபாடு இல்லாத பெண்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இரட்டைக் குழந்தை, ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோய், இதய நோய், சிறுநீரகக் கோளாறு போன்றவை இருந்தால் எடை இலக்கை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

படி 1: தொடக்க எடையைச் சரியாகப் பிடியுங்கள்

கர்ப்பம் தரிப்பதற்கு முந்தைய எடைதான் எல்லாக் கணக்குக்கும் அடிப்படை. அது தெரியாவிட்டால் 12 வாரத்துக்குள் எடுக்கப்பட்ட முதல் எடையை வைத்துக்கொள்ளலாம். முதல் மூன்று மாதத்தில் ஏறுவது பொதுவாக அரை கிலோவிலிருந்து இரண்டு கிலோவரைதான் என்பதால் பெரிய பிழை வராது. மாதவிடாய் தள்ளிப்போனதை உறுதிசெய்த வாரத்திலேயே அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ நீங்கள் பார்க்கும் மருத்துவமனைக்கோ சென்று பதிவு செய்துகொள்வதற்கு இது முதல் காரணம். இரண்டாவது பிள்ளைதானே, மூன்றாம் மாதம் ஸ்கேனுக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது இரண்டாம் கர்ப்பத்துக்கே உரிய அலட்சியம்.

அடுத்தது உயரம். எடையைக் கிலோவில் எடுத்துக்கொண்டு, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பிஎம்ஐ. இதை ஒரு கற்பனைப் பெண்ணின் கணக்கோடு பார்ப்போம். அவருடைய உயரம் 155 செ.மீ. முதல் கர்ப்பம் தொடங்கியபோது எடை 52 கிலோ, பிஎம்ஐ 21.6. முதல் பிரசவத்தில் ஏறியதில் ஒரு பகுதி இறங்கவில்லை. பிறகு இரவுத் தூக்கமின்மை, நேரம் தவறிய சாப்பாடு என்று இன்னும் கொஞ்சம் சேர்ந்தது. இரண்டாம் கர்ப்பத்தின் தொடக்கத்தில் 62 கிலோ, பிஎம்ஐ 25.8. பெண் ஒருவரே, ஆனால் அவர் இப்போது வேறு பிரிவில் இருக்கிறார். முதல் முறை அவர் ஏற்ற வேண்டியிருந்த அளவும் இந்த முறை ஏற்ற வேண்டிய அளவும் ஒன்றாக இருக்க வாய்ப்பே இல்லை.

இந்த இடைவெளியில் ஏறும் எடைக்கு மருத்துவ முக்கியத்துவம் உண்டு. இரண்டு பிரசவம் கண்ட 1.5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்வீடன் நாட்டுப் பெண்களை வைத்துச் செய்யப்பட்டு 2006இல் வெளியான ஓர் ஆய்வில், இரு கர்ப்பங்களுக்கும் இடையில் பிஎம்ஐ மூன்று புள்ளி அல்லது அதற்கு மேல் கூடியவர்களுக்கு கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம், கர்ப்பகாலச் சர்க்கரை, குழந்தை அளவுக்கு மீறிப் பெரிதாதல் போன்ற சிக்கல்கள் அதிகமாக இருந்தன. நாம் பார்த்த பெண்ணின் உயரத்துக்கு மூன்று புள்ளி என்பது ஏறத்தாழ ஏழு கிலோ. அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும் நிலையில் இதைப் படிப்பவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனம் ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் இடையே குறைந்தது 24 மாத இடைவெளியைப் பரிந்துரைக்கிறது. அந்த இரண்டு ஆண்டுகள் எடையைச் சீராக்கவும் பயன்படும்.

படி 2: உங்கள் இலக்கைக் கணக்கிடுங்கள்

உலகெங்கும் மருத்துவர்கள் அதிகம் பயன்படுத்துவது அமெரிக்க மருத்துவ நிறுவனம் 2009இல் வெளியிட்ட அளவுகள். கர்ப்பத்துக்கு முன் பிஎம்ஐ 18.5க்குக் கீழே இருந்தவர்கள் மொத்தம் 12.5 முதல் 18 கிலோ ஏறலாம். 18.5 முதல் 24.9 வரை உள்ளவர்களுக்கு 11.5 முதல் 16 கிலோ. 25 முதல் 29.9 வரை 7 முதல் 11.5 கிலோ, 30க்கு மேல் 5 முதல் 9 கிலோ. மூன்றாம் மாதம் முடிந்த பிறகு வாரந்தோறும் ஏற வேண்டிய அளவு, இதே வரிசையில், தோராயமாக அரை கிலோ, 420 கிராம், 280 கிராம், 220 கிராம்.

இதில் நம் ஊருக்கென்று ஒரு திருத்தம் இருக்கிறது. இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எட்டிப் பார்ப்பதால், இங்கே 23க்கு மேலேயே அதிக எடை என்றும் 25க்கு மேல் உடற்பருமன் என்றும் கணக்கிடும் வழக்கம் உண்டு. அதனால்தான் பட்டியலில் 16 கிலோவரை இடமிருந்தும், சென்னை மருத்துவர்கள் பலர் பொதுவாக 10 முதல் 12 கிலோ போதும் என்கிறார்கள். பிஎம்ஐ 23க்கும் 25க்கும் நடுவில் இருப்பவர்கள் தங்கள் பிரிவின் கீழ் எல்லையை நோக்கிச் செல்வது நல்லது என்பது என் கருத்து; உங்கள் மருத்துவரிடம் இதைக் கேட்டு ஓர் எண்ணாகவே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். “பார்த்து ஏத்திக்கோங்க” என்ற பொத்தாம்பொதுவான பதிலோடு திரும்பி வராதீர்கள்.

மேலே சொன்ன 62 கிலோ பெண்ணுக்குக் கணக்குப் போட்டால் 12ஆம் வாரத்தில் 63 கிலோ, 20ஆம் வாரத்தில் 65 கிலோவுக்குச் சற்று மேல், 28ஆம் வாரத்தில் 67.5, 36ஆம் வாரத்தில் 69.7, பிரசவ வாரத்தில் 71க்கு அருகில் என்று வரும். மொத்தம் ஏறத்தாழ 9 கிலோ. தாய் சேய் நல அட்டையின் ஓரத்தில் இந்த ஐந்து எண்களையும் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறை எடை பார்க்கும்போதும் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கே தெரிந்துவிடும்.

ஏறுகிற எடை எங்கே போகிறது என்று தெரிந்தால் வீட்டுப் பெரியவர்களிடம் பேசுவதும் எளிது. குழந்தை சுமார் 3 கிலோ, நஞ்சுக்கொடி அரை கிலோவுக்கு மேல், பனிக்குட நீரும் கருப்பையும் தலா ஒரு கிலோ அளவில், கூடுதல் ரத்தமும் திசுக்களில் தேங்கும் நீரும் சேர்ந்து மூன்று கிலோவுக்கு அருகில், மார்பகம் அரை கிலோ. எஞ்சியது பாலூட்டுவதற்காக உடல் சேமிக்கும் கொழுப்பு. கர்ப்பத்துக்கு முன்பே கொழுப்புச் சேமிப்பு உள்ளவருக்கு அந்தக் கடைசிப் பங்கு குறைவாக இருந்தால் போதும். பருமனானவர்களுக்கு இலக்கு குறைவாக வைக்கப்படுவது இதனால்தான். குழந்தைக்குப் போக வேண்டிய பங்கிலிருந்து யாரும் எதையும் பிடித்துக்கொள்வதில்லை.

படி 3: எடை பார்ப்பதை ஒழுங்குபடுத்துங்கள்

வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், காலையில் கழிப்பறை சென்று வந்த பின், காபிக்கு முன்னால், ஒரே மாதிரியான மெல்லிய உடையில் எடை பாருங்கள். இயந்திரம் தரையில் சமமாக நிற்க வேண்டும். கால்மிதி விரிப்பின் மேல் வைத்தால் அளவு மாறும். மருத்துவமனையில் காலை உணவு முடிந்து, புடவையோடு நின்று பார்க்கும் எடை வீட்டு எடையைவிட ஒரு கிலோ கூடுதலாகக் காட்டினால் கலங்க வேண்டாம். வீட்டு எண்ணை வீட்டு எண்ணோடும் மருத்துவமனை எண்ணை மருத்துவமனை எண்ணோடும் மட்டுமே ஒப்பிட வேண்டும். தினமும் எடை பார்ப்பது தேவையில்லை. முதல் நாள் இரவு சாப்பிட்ட ஊறுகாயும் அப்பளமும்கூட மறுநாள் காலையில் அரை கிலோ நீராக ஏறி நிற்கும்.

வயிற்றின் அளவைப் பார்த்து எடையை ஊகிப்பதும் இரண்டாம் கர்ப்பத்தில் தவறாகப் போகும். வயிற்றுத் தசைகள் ஒரு முறை விரிந்து தளர்ந்திருப்பதால் வயிறு சீக்கிரமே வெளியே தெரிகிறது. நாலாம் மாதத்திலேயே “என்ன, ஆறு மாசமா?” என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். அதைக் கேட்டுவிட்டுச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வதற்கு எந்த மருத்துவக் காரணமும் இல்லை.

படி 4: முதல் மூன்று மாதம்

இந்தக் காலத்தில் கூடுதல் உணவு என்று எதுவும் தேவையில்லை. எடை ஏறாவிட்டாலும், வாந்தியால் ஓரிரு கிலோ இறங்கினாலும் பெரும்பாலும் நாலாம் மாதத்தில் சரியாகிவிடும். கர்ப்பத்துக்கு முந்தைய எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் இறங்கினாலோ, தண்ணீர்கூடத் தங்காமல் சிறுநீர் அடர்த்தியாகக் குறைவாகப் போனாலோ மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு அது மூன்று கிலோ. மூத்த பிள்ளைக்குச் சமைக்கும்போது தாளிப்பு வாசனையே குமட்டுகிறது என்றால், தாளிக்கும் வேலையை மட்டுமாவது வேறொருவரிடம் விட்டுவிடுங்கள். காய்ந்த ரொட்டி, பொரி, இட்லி, எலுமிச்சைச் சாறு, மோர்சாதம் என்று எது தங்குகிறதோ அதைச் சிறிது சிறிதாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பிட்டால் போதும். ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் விட்டுவிடக் கூடாது.

படி 5: நாலாம் மாதத்திலிருந்து கூடுதலாக என்ன சாப்பிடுவது

இருவருக்காகச் சாப்பிட வேண்டும் என்பது நம் வீடுகளில் அசைக்க முடியாத நம்பிக்கை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட அளவுகளின்படி, நாலாம் மாதத்துக்குப் பிறகு நாளொன்றுக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது 350 கலோரி. ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு சிறிய ஏலக்கி வாழைப்பழம்: கணக்கு முடிந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு மேசைக்கரண்டி நெய் ஊற்றினால் 120 கலோரிக்கு மேல் சேர்ந்துவிடும்.

கலோரியைவிடப் புரதத்தில்தான் நம் சாப்பாடு பின்தங்குகிறது. நடு மூன்று மாதங்களில் நாளுக்கு 9.5 கிராமும், கடைசி மூன்று மாதங்களில் 22 கிராமும் கூடுதல் புரதம் வேண்டும் என்று அதே அளவுகள் சொல்கின்றன. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் அதே அளவு, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 7 அல்லது 8 கிராம். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்று திருப்திப்பட்டுக்கொள்ள முடியாது. சென்னை வீடுகளின் சாம்பாரில் ஆளுக்கு வந்து சேரும் பருப்பு இரண்டு மேசைக்கரண்டிகூட இருக்காது. வாரத்தில் இரண்டு நாளாவது சாம்பாருக்குப் பதிலாகக் கெட்டியான பருப்புக் கூட்டோ கீரை மசியலோ வைத்தால், சோற்றின் அளவு தானாகவே குறையும்.

மதியத் தட்டில் பாதி இடம் காய்க்கும் கீரைக்கும், கால் பங்கு சோற்றுக்கும், கால் பங்கு பருப்பு, முட்டை, மீன், கோழி ஆகியவற்றில் ஒன்றுக்கும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பதால் வாரத்தில் மூன்று நாளாவது கேழ்வரகு அடையோ தோசையோ கூழோ இருக்கட்டும். அடையில் முருங்கைக் கீரையை அள்ளிப் போடுங்கள். சைவ உணவினர் தயிர், பால், பனீர் ஆகியவற்றைத் தினமும் சேர்த்துக்கொள்வதோடு, பி12 அளவைப் பரிசோதிக்க வேண்டுமா என்றும் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

மீனைப் பொறுத்தவரை காசிமேட்டிலிருந்து வரும் நெத்திலியும் மத்தியும் சங்கராவும் மலிவானவை, நல்லவை. வஞ்சிரம் போன்ற பெரிய மீன்களில் பாதரசம் கூடுதலாகச் சேரும் என்பதால் எப்போதாவது ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். சுறாவைக் கர்ப்ப காலத்தில் தவிர்த்துவிட வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கட்டும் என்று சுறாப்புட்டு செய்து கொடுக்கும் வழக்கம் இருப்பதால், முதல் பிள்ளைக்குப் பாலூட்டிக்கொண்டிருக்கும்போதே கருத்தரித்த பெண்ணுக்கும் அதைச் செய்து கொடுத்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் நெத்திலிப் புட்டு வைத்தால் ருசிக்கும் குறைவிருக்காது. மூத்த குழந்தைக்கு இன்னும் பால் கொடுப்பவர்கள் பொதுவாக அதைத் தொடரலாம். ஆனால் அதற்கும் சேர்த்து உணவு தேவைப்படும் என்பதால் எடை ஏறும் வேகத்தைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

காபியை முழுவதும் விட வேண்டியதில்லை. ஒரு நாளில் 200 மில்லிகிராம் காஃபீனுக்குள் இருந்தால் போதும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. சின்ன டம்ளரில் இரண்டு ஃபில்டர் காபியோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு டம்ளரிலும் போடும் இரண்டு கரண்டிச் சர்க்கரையையும் எடைக் கணக்கில் சேர்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கென்று டப்பாவில் விற்கும் பவுடர்களைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். சரியாகச் சாப்பிட முடிகிறவருக்கு அவற்றால் தனிப் பலன் இல்லை. பல பவுடர்களில் சர்க்கரையும் அதிகம். அங்கன்வாடியில் கிடைக்கும் சத்துமாவை வெல்லம் குறைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினாலே போதும்.

படி 6: மூத்த பிள்ளையின் தட்டிலிருந்து விலகி இருங்கள்

இரண்டாம் கர்ப்பத்தில் எடை தவறிப் போவதற்கு மிக முக்கியமான காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். காலை எட்டு மணிக்குப் பள்ளி வேன் வந்துவிடும். அதற்குள் பிள்ளையைக் குளிப்பாட்டி, சீருடை மாட்டி, ஊட்டி முடித்ததும், தட்டில் சர்க்கரை தொட்ட முக்கால் இட்லியும் நெய் ஊறிய தோசைத் துண்டும் மிச்சம் இருக்கும். வீணாக்கக் கூடாது என்று நின்றபடியே அதை வாயில் போட்டுக்கொண்டு, அதுவே காலை உணவு என்று முடித்துவிடுகிறார். பதினொரு மணிக்குத் தலை சுற்றும். பிள்ளைக்கு வாங்கி வைத்த பிஸ்கட் பாக்கெட் கைக்கு வரும். மாலையில் பிள்ளை மிச்சம் வைத்த நூடுல்ஸ், இரவில் அது தொடாத பருப்பு சாதம். நாள் முழுவதும் அவர் தனக்கென்று ஒரு தட்டு வைத்துக்கொள்ளவே இல்லை. ஆனால் மாவும் சர்க்கரையும் எண்ணெயும் போதுமான அளவு உள்ளே போய்விட்டன. எடை ஏறுகிறது, ஹீமோகுளோபின் இறங்குகிறது. இரண்டும் ஒரே பெண்ணிடம் ஒரே சமயத்தில் நடக்கலாம்.

மாற்று வழி எளிது. ஆனால் வீட்டில் மற்றவர்களும் ஒத்துழைக்க வேண்டும். பிள்ளைக்கு ஊட்டும் அதே நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் தட்டிலும் மூன்று இட்லி, சாம்பார், ஒரு அவித்த முட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு முதலில் பாதி அளவே வைத்து, கேட்டால் மட்டும் மறுபடி வையுங்கள். மிச்சமாவது அங்கேயே குறையும். அப்படியும் மிஞ்சினால் அது கணவருக்குப் போகட்டும், அல்லது குப்பைக்குப் போகட்டும். முதல் நாள் இரவே கடலையை ஊறப்போட்டு வைத்தால், பதினொரு மணிச் சுண்டலுக்குக் காலையில் குக்கரில் ஒரு விசில் கூடுதலாக வைப்பதுதான் வேலை. வேலைக்குப் போகிறவர்கள் அதை டப்பாவில் எடுத்துப் போகலாம். மாலையில் புறநகர் ரயிலுக்கோ பேருந்துக்கோ காத்திருக்கும் நேரத்தில் பசியோடு பஜ்ஜிக் கடை முன் நிற்க நேராது.

படி 7: இரும்புச்சத்தைத் தனியாகக் கவனியுங்கள்

முதல் பிரசவத்தின் ரத்த இழப்புக்குப் பிறகு சேமிப்பு நிரம்பாத நிலையிலேயே பலர் இரண்டாவது கர்ப்பத்துக்குள் வருகிறார்கள். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அரசுத் திட்டத்தின்படி நாலாம் மாதத்திலிருந்து 180 நாட்களுக்குத் தினமும் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரை தரப்படுகிறது. பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள் தொடர வேண்டும். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே நேரத்தில் விழுங்கினால் இரும்பு உடலில் சரியாகச் சேராது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். காபி, டீயும் அப்படியே. மாத்திரையோடு எலுமிச்சைச் சாறோ ஒரு துண்டு நெல்லிக்காயோ எடுத்துக்கொண்டால் உறிஞ்சுதல் கூடும். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். குடற்புழு நீக்கும் அல்பென்டசோல் மாத்திரை நடு மூன்று மாதங்களில் ஒருமுறை தரப்படும். அதையும் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 8: சர்க்கரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்

கர்ப்பகாலச் சர்க்கரையைக் கண்டறிய நம் நாட்டில் பின்பற்றப்படும் எளிய முறையை உருவாக்கியதில் சென்னை மருத்துவர் வீ. சேஷய்யாவுக்குப் பெரும் பங்கு உண்டு. சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று கொள்ளப்படும். முதல் வருகையிலும், 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். முதல் கர்ப்பத்தில் சர்க்கரை வந்திருந்தால் இரண்டாவதிலும் வருவதற்கு ஏறத்தாழப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது. முதல் முறை வரவில்லை என்பதும் உத்தரவாதம் ஆகாது; இடையில் வயதும் எடையும் ஏறியிருக்கின்றன.

சர்க்கரை இருப்பது தெரிந்தால் பட்டினி கிடக்கக் கூடாது. சோற்றை மூன்று வேளையிலும் குவிப்பதற்குப் பதிலாக ஆறு சிறு வேளையாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் புரதம் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் பேரீச்சம்பழமும் நெய்யும் வரும். சர்க்கரை உள்ளவர்கள் அவற்றை வீட்டில் பகிர்ந்துவிடலாம். தகுதியுள்ள குடும்பங்களுக்கு மொத்தம் ரூ.18,000 மதிப்புள்ள இந்தத் திட்டம் முதல் இரண்டு பிரசவங்களுக்கும் பொருந்தும்; 12 வாரத்துக்குள் பதிவு செய்து பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்) பெற்றுக்கொள்வது அவசியம். முதல் குழந்தைக்கு வாங்கிவிட்டோம், இனி கிடைக்காது என்று நினைத்துச் சிலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

படி 9: நடை

பிள்ளையின் பின்னால் நாள் முழுவதும் ஓடுகிறேனே, தனியாக நடை எதற்கு என்று தோன்றும். குனிந்து நிமிர்ந்து வீட்டு வேலை செய்வதில் உடல் களைக்கும்; ஆனால் தொடர்ச்சியாக மூச்சு சற்றே வாங்கும்படி நடப்பதன் பலன் அதில் முழுமையாகக் கிடைக்காது. வாரத்துக்கு 150 நிமிட மிதமான நடை என்பது பரிந்துரை. ஒரு நாளைக்கு அரை மணி வீதம் ஐந்து நாள். மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்கா, தி.நகர் நடேசன் பூங்கா, பெசன்ட் நகர் கடற்கரை என்று நிழலோ காற்றோ உள்ள இடத்தில் காலை ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். மே மாதக் கத்திரி வெயிலில் மொட்டை மாடியே போதும், அதுவும் சூரியன் இறங்கிய பின். வேளாவேளைக்கு நீர்மோர் குடியுங்கள். உப்பை அளவாகப் போடுங்கள். ரத்தக்கசிவு, கீழே இறங்கிய நஞ்சுக்கொடி, கருப்பை வாயில் தையல் ஆகியவை இருந்தால் மருத்துவர் அனுமதியின்றி நடைப்பயிற்சி கூடாது. மூத்த பிள்ளையைத் தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி உட்கார்ந்து தூக்குங்கள். முடிந்தவரை பிள்ளை தானே சோபாவில் ஏறி, அங்கிருந்து உங்கள் மடிக்கு வரப் பழக்குங்கள்.

படி 10: கணக்கு தவறும்போது

நான்கு வாரம் தொடர்ந்து வரம்புக்கு மேல் ஏறினால் முதலில் குடிப்பவற்றைப் பாருங்கள்: பழச்சாறு, ரோஸ் மில்க், சர்க்கரை போட்ட இளநீர், பாலில் கலக்கும் பவுடர். அவற்றை நிறுத்தினாலே பலருக்கு வேகம் தணிந்துவிடும். அடுத்தபடி இரவு உணவை எட்டு மணிக்குள் முடித்து, பொரித்த பண்டத்தை வாரம் ஒரு முறையாக்குங்கள். எடையைக் குறைக்க முயலக் கூடாது. ஏறும் வேகத்தை மட்டுமே குறைக்க வேண்டும். சிசேரியனுக்குப் பிறகு இந்த முறை சுகப்பிரசவத்துக்கு முயல விரும்புகிறவர்களுக்கு இது கூடுதல் முக்கியம், ஏனென்றால் மிதமிஞ்சிய எடை அந்த வாய்ப்பைக் குறைக்கிறது.

ஏறவேயில்லை என்றால் சோற்றளவைக் கூட்டுவதைவிட, சாப்பிடும் உணவின் அடர்த்தியைக் கூட்டுங்கள். உளுந்தங்களியில் நல்லெண்ணெய், தயிர்சாதத்தில் ஒரு கரண்டி வேர்க்கடலைப் பொடி, இரவில் பாலோடு நான்கு பாதாம். குழந்தை பெரிதானால் பிரசவம் கஷ்டமாகும், கடைசி மாதங்களில் குறைத்துச் சாப்பிடு என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டாவது குழந்தை முதலாவதைவிடச் சற்றுக் கூடுதல் எடையோடு பிறப்பது இயல்புதான். ஆனால் தாய் அரைவயிறு சாப்பிட்டால் 2.5 கிலோவுக்குக் குறைந்த குழந்தை பிறக்கும் அபாயம் கூடும். குழந்தையின் வளர்ச்சியை ஸ்கேனும் கருப்பையின் உயரமும் சொல்லும். சந்தேகம் இருந்தால் அவற்றைக் கேளுங்கள்.

ஒரே வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் திடீரென்று ஏறுவது பெரும்பாலும் உணவால் அல்ல, உடலில் நீர் தேங்குவதால். 20 வாரத்துக்குப் பிறகு அதனோடு முகமும் கையும் வீங்குதல், விடாத தலைவலி, கண் மங்குதல், வலது மேல் வயிற்றில் வலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் மறுநாள்வரை காத்திருக்காமல் எழும்பூர் அரசு தாய் சேய் நல மருத்துவமனை, திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை போன்ற மகப்பேறு வசதியுள்ள இடத்துக்குச் செல்லுங்கள். 108ஐ அழைக்கத் தயங்க வேண்டாம். மாலையில் மட்டும் கணுக்கால் வீங்கி, காலையில் வற்றிவிடுவது சென்னை வெயிலில் சாதாரணம்.

படி 11: பிரசவத்துக்குப் பிறகு

பிரசவத்தோடு ஐந்து, ஆறு கிலோ உடனே இறங்கிவிடும். அடுத்த ஆறு வாரத்தில் தேங்கிய நீரும் வடியும். முழுமையாகப் பாலூட்டும் முதல் ஆறு மாதங்களில் நாளுக்கு 600 கலோரி கூடுதலாகத் தேவைப்படுவதால், எடையைக் குறைக்கிறேன் என்று அப்போது பத்தியம் இருக்க வேண்டாம். அதேபோல் பத்தியச் சாப்பாடு என்ற பெயரில் மூன்று வேளையும் நெய்யில் மிதக்க விடவும் வேண்டாம். ஆறாம் வாரப் பரிசோதனைக்குச் செல்லும்போது எடையையும் ஹீமோகுளோபினையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள் 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனையை அந்த வாரமே மறுபடி செய்துகொள்ள வேண்டும். குழந்தைக்குத் தடுப்பூசி போடச் செல்லும் அதே நாளில் இதையும் முடித்துவிட்டால் இன்னொரு முறை அலைய வேண்டியிருக்காது.